ஃபாரின் கீ எந்த அட்டவணையில் இருக்க வேண்டும்: வீட்டிலா, பில்லிலா?

கேள்வி: பெல்லந்தூர்வாசி

வணக்கம். பெங்களூரு பெல்லந்தூரில் 96 வீடுகள் கொண்ட எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்துக்காக, மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணம், தண்ணீர் மீட்டர் கணக்கு, கார் நிறுத்துமிட ஒதுக்கீடு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள் ஒன்றை மாலை நேரங்களில் எழுதிவருகிறேன். இதுவரை எக்செல் கோப்பில் கணக்கு வைத்திருந்த எங்கள் பொருளாளர் இனி இதையே பயன்படுத்தலாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். எனவே, பிறகு பிரித்துக் கட்ட வேண்டிய நிலை வராதபடி அட்டவணைகளை இப்போதே சரியாக அமைத்துவிட விரும்புகிறேன். ஜாவா மொழி, நிரலின் தரவை அட்டவணைகளில் சேமித்துத் தரும் ஹைபர்னேட், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஆகியவற்றைக் கொண்டு எழுதுகிறேன். ஓர் அட்டவணையின் பதிவு இன்னோர் அட்டவணையின் பதிவைச் சுட்டுவதற்காக வைத்திருக்கும் நெடுவரிசையான ஃபாரின் கீயை எங்கே வைப்பது என்பதே என் கேள்வி.

நிரலில் ஒவ்வொரு வகைத் தரவின் வடிவத்தையும் வரையறுக்கும் கிளாஸ்களைத்தான் முதலில் வரைந்துகொண்டேன். ‘வீடு’ என்ற கிளாஸுக்குள் ‘பில்’களின் பட்டியல் இருக்கிறது, ஒரு வீட்டைக் கையில் எடுத்தால் அதன் பில்கள் அனைத்தும் கிடைக்க வேண்டும் என்பதே என் தேவை. பில்லிலிருந்து வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டிய தேவை எதுவும் தோன்றாததால், ‘பில்’ கிளாஸில் வீட்டைப் பற்றி ஒன்றும் வைக்கவில்லை. அட்டவணைகளை ஹைபர்னேட்டே உருவாக்கட்டும் என்று விட்டபோது, ‘வீடு’, ‘பில்’ ஆகிய இரண்டோடு, நான் கேட்காமலேயே ‘வீடு_பில்’ என்று மூன்றாவது அட்டவணையும் வந்து நின்றது. எந்த நெடுவரிசையில் இணைப்பது என்று சொல்லும் ‘ஜாயின்-காலம்’ என்ற குறிப்பைச் சேர்த்ததும் அது வராமல் நின்றது.

ஆனால், ஜூன் மாத பில்களைச் சோதனைக்காக உருவாக்கி, ஓடிய கட்டளைகளைக் காட்டும் லாகைப் பார்த்தபோது, புதிய பதிவைச் சேர்க்கும் 96 இன்செர்ட் கட்டளைகளுக்குப் பின்னால், இருக்கும் பதிவைத் திருத்தும் 96 அப்டேட் கட்டளைகளும் ஓடியிருந்தன. சி பிளாக் 304ஆம் வீட்டின் பில்லை மட்டும் தனியாகப் பின்தொடர்ந்து பார்த்தேன். தொகையும் தேதியும் முதலில் எழுதப்படுகின்றன; வீட்டின் எண் இருக்க வேண்டிய இடம் காலியாக விடப்படுகிறது; பிறகு வரும் இரண்டாவது கட்டளைதான் அந்த எண்ணை நிரப்புகிறது. அந்த நெடுவரிசை காலியாக இருக்கக் கூடாது என்று தரவுத்தளத்தில் கட்டுப்பாடு போட்டவுடன் முதல் கட்டளையே பிழை காட்டி நின்றுவிட்டது.

இதே குழப்பம் மற்ற இடங்களிலும் எனக்கு இருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஒரு கார் நிறுத்துமிடம்தான், ஆனால் சில வீடுகளுக்கு அதுவும் இல்லை. விருந்தினருக்கென்று ஒதுக்கப்பட்ட 6 இடங்கள் எந்த வீட்டுக்கும் சொந்தமில்லை. இங்கே ஃபாரின் கீ எந்தப் பக்கம் போகும்? 2024 கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்து டேங்கரை நம்பியிருந்தபோது வீடுதோறும் மீட்டர் பொருத்தினோம். வீட்டுக்கு ஒரு மீட்டர் என்பதால் மீட்டர் எண்ணை வீட்டின் அட்டவணையிலேயே ஒரு நெடுவரிசையாக வைத்துவிடலாமா? கணவனும் மனைவியும் கூட்டாக உரிமையாளர்களாக இருக்கும் வீடுகளும், ஒருவரே இரண்டு வீடுகள் வைத்திருப்பதும் உண்டு. அதை எப்படி அமைப்பது? எந்த கிளாஸ் எதைக் கையில் வைத்திருக்கிறதோ அதன் அட்டவணையில்தான் ஃபாரின் கீ இருக்க வேண்டும் என்று நான் நினைத்திருந்தது தவறு என்று மட்டும் இப்போது புரிகிறது. சரியான விதி எது என்று விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: இந்திராநகர் நிரலர்

உங்கள் கேள்வியின் கடைசிக்கு முந்தைய வாக்கியத்திலேயே பாதி விடை இருக்கிறது. கிளாஸை வைத்து நிரல் நினைவகத்தில் உருவாக்கும் ஆப்ஜெக்டுகளில் எதிலிருந்து எதற்குப் போக முடிய வேண்டும் என்பது நிரலை எழுதுபவரின் வசதியைப் பொறுத்தது. ஃபாரின் கீ எங்கே உட்கார முடியும் என்பதோ, ஒரு பக்கத்தின் ஒரு பதிவுக்கு மறுபக்கத்தில் எத்தனை பதிவுகள் இருக்கலாம் என்பதைப் பொறுத்தது. முதலாவதை நீங்கள் விருப்பம்போல மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவதில் உங்கள் விருப்பத்துக்கு இடமே இல்லாத சூழல்கள் உண்டு, வீடும் பில்லும் அப்படிப்பட்ட சூழல்தான்.

நினைவகத்தில் ஓர் ஆப்ஜெக்ட் தனக்குள் ஒரு பட்டியலையே வைத்துக்கொள்ளும். அட்டவணையின் ஒரு கட்டத்துக்குள்ளோ ஒரு மதிப்புக்கு மேல் வைக்கக் கூடாது. ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970இல் உறவுமுறைத் தரவு மாதிரியை முன்வைத்தபோதே, ஒரு கட்டத்தில் இருக்கும் மதிப்பு மேலும் உடைக்க முடியாததாக இருக்க வேண்டும் என்று வகுத்தார். ஃபாரின் கீ என்ற கருத்தும் அதே கட்டுரையில்தான் வருகிறது. 304ஆம் வீட்டுக்கு ஆண்டுக்கு 12 பில்கள் என்றால், அந்த 12 எண்களையும் வீட்டின் பதிவில் ஒரே கட்டத்தில் அடைக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு பில்லுக்கும் வீடு ஒன்றே ஒன்றுதான் என்பதால், பில்லின் பதிவில் ஒரு கட்டம் போதும். ஆகவே, ஒன்றுக்குப் பல என்ற தொடர்பில் ஃபாரின் கீ எப்போதும் ‘பல’ என்ற பக்கத்தில்தான் இருக்கும். உங்கள் கிளாஸில் பட்டியல் எந்தப் பக்கம் இருந்தாலும் இது மாறாது.

ஹைபர்னேட் மூன்றாவது அட்டவணையை உருவாக்கியதற்கும் இதுவே காரணம். வீட்டில் பட்டியல் இருக்கிறது, பில்லுக்கு வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, எந்த நெடுவரிசையில் இணைப்பது என்றும் நீங்கள் சொல்லவில்லை. அப்படிப்பட்ட நிலையில் இணைப்பு அட்டவணை ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஹைபர்னேட் பின்பற்றும் ஜேபிஏ என்ற ஜாவா வரையறையின் இயல்புநிலை. அதை அப்படியே விட்டிருந்தால் இன்னொரு சிக்கலும் வந்திருக்கும். வரிசை எண் இல்லாத அத்தகைய பட்டியலிலிருந்து ஒரே ஒரு பில்லை நீக்கினால்கூட, ஹைபர்னேட் அந்த வீட்டுக்குரிய இணைப்புப் பதிவுகள் அனைத்தையும் அழித்துவிட்டு, மீதமுள்ளவற்றை மறுபடியும் ஒவ்வொன்றாக எழுதும். ‘ஜாயின்-காலம்’ சேர்த்ததும் நெடுவரிசை சரியான அட்டவணைக்குப் போய்விட்டது, அதில் தவறில்லை. ஆனால் அந்த நெடுவரிசையை நிரப்பும் பொறுப்பு இன்னும் வீட்டின் பட்டியலிடமே இருக்கிறது. பில்லை எழுதும் நேரத்தில் அதன் வீடு எது என்பது பில்லுக்குத் தெரியாது. பட்டியலைக் கையாளும் கட்டம் பிறகுதான் வருகிறது, அப்போதுதான் அப்டேட் ஓடுகிறது. 304ஆம் வீட்டில் நீங்கள் கண்ட வெறுமை இந்த இடைவெளிதான்.

தீர்வு எளிது. ‘பில்’ கிளாஸில் வீட்டைச் சுட்டும் ‘வீடு’ என்ற ஒரு ரெஃபரன்ஸை வைத்து, அதற்கு ‘மெனி-டு-ஒன்’ (பலவற்றுக்கு ஒன்று) என்று குறியுங்கள். வீட்டின் பட்டியலுக்கு ‘மேப்டு-பை’ என்று போட்டு, இந்தத் தொடர்பை நிர்வகிப்பது பில்லின் பக்கம்தான் என்று தெரிவித்துவிடுங்கள். அதன் பிறகு 96 இன்செர்ட்கள் மட்டுமே ஓடும், நெடுவரிசையைக் காலியாக விடாத கட்டுப்பாடும் நிற்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இப்போது தரவுத்தளத்துக்குப் போவது பில்லில் எழுதிய ரெஃபரன்ஸ் மட்டுமே. வீட்டின் பட்டியலில் பில்லைச் சேர்த்துவிட்டு, பில்லில் வீட்டைக் குறிக்காமல் விட்டால், ஃபாரின் கீ நிரம்பாது. ஆகவே, ‘பில் சேர்’ என்று வீட்டின் கிளாஸில் ஒரே ஒரு மெத்தட் எழுதி, இரண்டு பக்கத்தையும் அதற்குள்ளேயே இணைத்து, பட்டியலை வெளியிலிருந்து யாரும் நேரடியாகத் தொட முடியாதபடி வைத்துவிடுங்கள். ஒருவருக்கொருவர் தெரியாமல் பலர் நிரல் எழுதும் திட்டங்களில் இந்தச் சிறு மெத்தட் எத்தனையோ பிழைகளைத் தடுத்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

கார் நிறுத்துமிடத்துக்கு வருவோம். ஒன்றுக்கு ஒன்று என்ற தொடர்பில் ஃபாரின் கீ எந்தப் பக்கம் இருந்தாலும் கணக்கு சரியாகத்தான் வரும், எனவே இங்கே தேர்வு உங்களுடையது. ஆனால் இரண்டு பக்கமும் சமமல்ல. நாளை ஒரு வீட்டுக்கு இரண்டாவது இடம் கிடைக்குமா, அல்லது ஓர் இடத்தை இரண்டு வீடுகள் பகிர்ந்துகொள்ளுமா என்று கேட்டுப் பாருங்கள். முதலாவது எந்தக் குடியிருப்பிலும் நடக்கக்கூடியது, இரண்டாவது பெரும்பாலும் நடக்காதது. ஆகவே ‘வீடு_ஐடி’ என்ற நெடுவரிசையை நிறுத்துமிடத்தின் அட்டவணையில் வைத்து, ஒரே மதிப்பு இரண்டு பதிவுகளில் வரக் கூடாது என்ற யுனிக் கட்டுப்பாட்டை அதற்குப் போடுங்கள். இரண்டாவது இடம் வரும் நாளில் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் போதும். தரவு எதையும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்த வேண்டாம். யுனிக் இல்லாமல் விட்டால் அது ஒன்றுக்கு ஒன்று அல்ல, ஒன்றுக்குப் பலதான். கிளாஸில் ஒரே ரெஃபரன்ஸ் இருப்பதை வைத்துத் தரவுத்தளம் எதையும் தடுக்காது.

விருந்தினருக்கான 6 இடங்களில் அந்த நெடுவரிசை வெறுமையாக இருக்கும். போஸ்ட்கிரெஸும், மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளமும் யுனிக் நெடுவரிசையில் எத்தனை வெற்று மதிப்புகள் இருந்தாலும் ஏற்றுக்கொள்கின்றன, ஆகவே உங்களுக்குச் சிக்கல் இல்லை. எஸ்கியூஎல் சர்வர் அத்தகைய நெடுவரிசையில் ஒரே ஒரு வெற்று மதிப்பைத்தான் அனுமதிக்கும் என்பதை, பிற்காலத்தில் அதற்கு மாற நேர்ந்தால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அமைப்புக்கு ஒரு விலையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஃபாரின் கீ நிறுத்துமிடத்தின் பக்கம் இருக்கும்போது, ‘வீடு’ கிளாஸில் அந்த இடத்துக்கு ஒரு ரெஃபரன்ஸ் வைத்தீர்களானால், வீட்டின் பதிவை மட்டும் பார்த்து அந்த வீட்டுக்கு இடம் இருக்கிறதா இல்லையா என்று ஹைபர்னேட்டால் சொல்ல முடியாது. அதனால் ‘லேசி’ (தேவைப்படும்போது மட்டும் எடு) என்று நீங்கள் குறித்திருந்தாலும், சாதாரண அமைப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தேடலை உடனே நடத்திப் பார்த்துவிடும்; 96 வீடுகளின் பட்டியலைத் திறந்தால் மேலும் 96 தேடல்கள் ஓடும். வீட்டிலிருந்து நிறுத்துமிடத்துக்கு ரெஃபரன்ஸ் வைக்காமல், தேவைப்படும் இடத்தில் மட்டும் தனியாகத் தேடிக்கொள்வதே என் வழக்கம். ஆனால் இந்தக் காரணத்துக்காக ஃபாரின் கீயையே வீட்டின் அட்டவணைக்கு மாற்றிவிடாதீர்கள்.

பதில் 2: அல்சூர் டிபிஏ

மேலே எழுதியவர் பில்லையும் நிறுத்துமிடத்தையும் தெளிவாக்கிவிட்டார். அவர் தொடாமல் விட்ட மீட்டரையும் உரிமையாளரையும் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் பல ஆண்டுகளாகத் தரவுத்தளங்களைப் பராமரித்துவரும் எனக்கு, இன்றைக்கு ஒன்றுக்கு ஒன்றாகத் தெரியும் தொடர்பு பெரும்பாலும் தேதி என்ற ஒன்றை மறந்ததால் அப்படித் தெரிகிறது என்பது அனுபவம்.

வீட்டுக்கு ஒரு மீட்டர் என்பது இன்றைய நிலை. நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புப் படிந்து ஒரு மீட்டர் நின்றுபோய், 412 லிட்டர் காட்ட வேண்டிய இடத்தில் 0 காட்டும் நாளில் அதைக் கழற்றி வேறொன்றைப் பொருத்துவீர்கள். மீட்டர் எண்ணை வீட்டின் நெடுவரிசையாக வைத்திருந்தால், பழைய எண்ணின் மேல் புதிய எண் எழுதப்படும்; புதிய மீட்டர் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவதால், இந்த மாத அளவிலிருந்து போன மாத அளவைக் கழித்தால் பயன்பாடு எதிர்மறை எண்ணாக வரும். அதன் பின் அந்தக் குடும்பத்தாரிடம் கணக்கை விளக்குவதற்கு உங்களிடம் எந்தச் சான்றும் இருக்காது. ஆகவே மீட்டருக்குத் தனி அட்டவணை வையுங்கள். அதில் ‘வீடு_ஐடி’, பொருத்திய தேதி, கழற்றிய தேதி ஆகியவை இருக்கட்டும். அளவீடுகளின் அட்டவணையிலிருந்து போகும் ஃபாரின் கீ வீட்டுக்குப் போகாமல் மீட்டருக்குப் போக வேண்டும், ஏனென்றால் 0 என்றோ 412 என்றோ காட்டியது மீட்டர்தான். ஒரு நேரத்தில் ஒரு வீட்டில் ஒரு மீட்டர்தான் இயங்கலாம் என்ற விதியை, கழற்றிய தேதி வெறுமையாக உள்ள பதிவுகளுக்கு மட்டும் பொருந்தும் பகுதி யுனிக் இன்டெக்ஸ் (பதிவுகளை விரைவாகத் தேட உதவும் துணைப் பட்டியல்) ஒன்றால் போஸ்ட்கிரெஸிலேயே காக்கலாம். மைஎஸ்கியூஎல்லில் அத்தகைய இன்டெக்ஸ் இல்லை.

உரிமையாளர் தொடர்பு பலவற்றுக்குப் பல என்ற வகை. இரண்டு பக்கத்தில் எந்தப் பக்கத்திலும் ஒரு கட்டம் போதாது என்பதால் ஃபாரின் கீ இரண்டுமே நடுவில் உள்ள மூன்றாவது அட்டவணைக்குப் போகின்றன. ஹைபர்னேட் தானாக உருவாக்கும் ‘மெனி-டு-மெனி’ இணைப்பு அட்டவணையில் இரண்டு எண்கள் மட்டுமே இருக்கும், உங்களுக்கு அது போதாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை உரிமை, கூட்டு உரிமையாளர்களில் யாருக்கு எவ்வளவு பங்கு, சங்கத்தின் கடிதங்கள் யார் பெயருக்குப் போக வேண்டும் ஆகியவை வீட்டுக்கும் சொந்தமல்ல, மனிதருக்கும் சொந்தமல்ல. இவை அந்த உறவுக்கே சொந்தமானவை. ஆகவே ‘உரிமை’ என்று ஒரு கிளாஸையே எழுதி, அதிலிருந்து வீட்டுக்கு ஒரு ‘மெனி-டு-ஒன்’, மனிதருக்கு ஒரு ‘மெனி-டு-ஒன்’ என்று வையுங்கள். ஒரே மனிதர் ஒரு வீட்டை விற்றுவிட்டுச் சில ஆண்டுகள் கழித்து அதையே திரும்ப வாங்கக்கூடும் என்பதால், இரண்டு எண்களையும் சேர்த்து, பதிவை அடையாளம் காட்டும் பிரைமரி கீயாக வைக்க வேண்டாம்; தனி எண் ஒன்றை வைத்து, வீடு, மனிதர், தொடங்கிய தேதி ஆகிய மூன்றுக்கும் சேர்த்து யுனிக் போடுங்கள். பொதுப் பகுதிகளில் வீட்டுக்குரிய பிரிக்கப்படாத பங்கு மட்டும் வீட்டின் அட்டவணையிலேயே இருக்கட்டும். 1972ஆம் ஆண்டின் கர்நாடக அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின்படி அந்தப் பங்கை வீட்டிலிருந்து பிரிக்க முடியாது, உரிமையாளர் மாறினாலும் அது வீட்டோடுதான் போகும்.

பில்லில் வீட்டுக்கு ஒரு ஃபாரின் கீ இருக்கும்போது உரிமையாளருக்கும் ஒன்று வேண்டுமா என்ற கேள்வி அடுத்து வரும். தேதியை வைத்து ‘உரிமை’ அட்டவணையிலிருந்து கண்டுபிடித்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள், அது தவறான வாதமல்ல. இருந்தாலும் வேண்டும் என்பதே என் கருத்து. யார் பெயருக்கு பில் எழுதப்பட்டது என்பது அந்த நாளில் நடந்து முடிந்த ஒரு செயல். உரிமை மாறிய தேதியைப் பிறகு யாராவது திருத்தினால், அனுப்பிவிட்ட பில்லில் உள்ள பெயரும் மாறிவிடக் கூடாது.

இன்டெக்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபாரின் கீ போட்டாலே அந்த நெடுவரிசைக்கு இன்டெக்ஸ் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி அப்படிச் செய்யும், போஸ்ட்கிரெஸ் செய்யாது. 96 வீடுகளுக்கு ஆண்டுக்கு 1,152 பில்கள்தான் என்பதால் உடனே எதுவும் தெரியாது. ஆனால் மீட்டர் அளவீட்டை நாள்தோறும் எடுக்கத் தொடங்கினால் ஆண்டுக்கு 35,040 பதிவுகள் சேரும். ஒரு மீட்டரை நீக்க முயலும் ஒவ்வொரு முறையும், அதைச் சுட்டும் அளவீடு ஏதாவது இருக்கிறதா என்று அந்த அட்டவணை முழுவதையும் போஸ்ட்கிரெஸ் படித்துப் பார்க்கும். எல்லா ஃபாரின் கீ நெடுவரிசைகளுக்கும் நீங்களே இன்டெக்ஸ் உருவாக்கிவிடுங்கள்.

நீக்குதல் விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பில் இருக்கும் வரை வீட்டை நீக்க முடியாதபடி தடுங்கள். பில்லுக்குள் இருக்கும் தனித்தனி வரிகள் பில்லோடு சேர்ந்தே அழியலாம். நிறுத்துமிடத்தின் ‘வீடு_ஐடி’ வெறுமையாகிவிட்டால் போதும், இடம் அழியக் கூடாது. ஒன்றை நீக்கினால் அதைச் சார்ந்தவையும் நீங்கும்படி ஹைபர்னேட்டில் எழுதும் ‘கேஸ்கேட்’ வேறு, தரவுத்தளத்தின் ‘ஆன் டெலீட் கேஸ்கேட்’ வேறு. முன்னது உங்கள் நிரல் வழியாக வரும் நீக்கங்களுக்கு மட்டும் பொருந்தும், யாராவது தரவுத்தளத்தில் நேரடியாகக் கட்டளை கொடுத்தால் பின்னது மட்டுமே காக்கும்.

கேட்டவர்: பெல்லந்தூர்வாசி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ‘உரிமை’ என்பதைத் தனி கிளாஸாக எழுதியதும், இதுவரை வீட்டின் கிளாஸில் எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறிய நான்கு நெடுவரிசைகள் தாமாகவே அங்கே போய் அமர்ந்துவிட்டன. இன்னும் இரண்டு இடங்களில் மட்டும் தயக்கம் இருக்கிறது. ஒன்று, புகார்கள். ஒரு புகார் ஒரு வீட்டைப் பற்றியதாக இருக்கலாம், ஒரு லிஃப்டைப் பற்றியதாகவும் இருக்கலாம். ‘எதைப் பற்றி’ என்று ஒரு சொல்லும், ‘அதன் எண்’ என்று ஓர் எண்ணும் வைத்தால் போதுமா? மற்றொன்று, ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு பிரதிநிதி இருக்கிறார். பிளாக்கின் அட்டவணையில் பிரதிநிதியின் எண்ணை வைத்தால், அவர் குடியிருப்பாளர் அட்டவணையில் இருக்க வேண்டும். குடியிருப்பாளருக்கு வீடு வேண்டும், வீட்டுக்கு பிளாக் வேண்டும். எதை முதலில் எழுதுவது என்றே தெரியாமல் சுற்றி நிற்கிறது.

பதில் 3: இந்திராநகர் நிரலர்

புகாரில் நீங்கள் சொல்லும் முறை பரவலாகப் பயன்பாட்டில் இருக்கிறது, ரெயில்ஸ் போன்ற கட்டமைப்புகளில் அதற்கென்று வசதியும் உண்டு. ஆனாலும் உங்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே நெடுவரிசை சில பதிவுகளில் வீட்டையும் வேறு சிலவற்றில் லிஃப்டையும் சுட்டும்போது, அதற்கு ஃபாரின் கீ கட்டுப்பாடு போடவே முடியாது. இல்லாத லிஃப்டின் எண்ணை எழுதினாலும் தரவுத்தளம் ஏற்றுக்கொள்ளும். புகார் அட்டவணையில் ‘வீடு_ஐடி’, ‘லிஃப்ட்_ஐடி’ என்று இரண்டு நெடுவரிசைகளை வைத்து, இரண்டையும் வெறுமையாக விட அனுமதித்து, இரண்டில் சரியாக ஒன்று மட்டும் நிரம்பியிருக்க வேண்டும் என்று செக் கட்டுப்பாடு ஒன்றைப் போடுங்கள். போஸ்ட்கிரெஸில் இது ஒரு வரி வேலை. மைஎஸ்கியூஎல் 8.0.16 பதிப்புக்கு முன்புவரை செக் கட்டுப்பாட்டைப் படித்துவிட்டுப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும் என்பதால், பழைய பதிப்பில் இருப்பவர்கள் இதை நம்பியிருக்க முடியாது.

பின்னர் மோட்டார், ஜெனரேட்டர், நீச்சல்குளம், பூங்கா என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும் என்று தோன்றினால், ‘இடம்’ என்று பொதுவான அட்டவணை ஒன்றை மேலே வைத்து, வீடும் லிஃப்டும் தங்கள் பிரைமரி கீயையே அதற்கான ஃபாரின் கீயாகவும் கொள்ளும்படி அமைத்து, புகாரை ‘இடம்’ அட்டவணையோடு மட்டும் இணைக்கலாம். இரண்டு வகைகளுக்கு இது அதிகப்படி. எட்டு வகைகள் வந்தால் இதுவே சிறந்தது.

பிரதிநிதி விஷயத்தில், சுற்றி நிற்கும் நிலையைத் தீர்க்க இரண்டு வழிகள் உண்டு. பிளாக்கில் அந்த நெடுவரிசையை வெறுமையாக விட அனுமதித்து, பிளாக், வீடு, குடியிருப்பாளர் என்ற வரிசையில் எழுதிவிட்டு, கடைசியில் பிரதிநிதியின் எண்ணை நிரப்பலாம். அல்லது, ஃபாரின் கீயின் சோதனையை, மாற்றங்களை உறுதிசெய்யும் கமிட் வரை தள்ளிவைக்கும்படி போஸ்ட்கிரெஸில் அறிவித்துவிட்டு, அடுத்தடுத்த எண்களைத் தரும் சீக்வென்ஸிலிருந்து எண்களை முன்கூட்டியே பெற்று, எந்த வரிசையிலும் எழுதலாம். இன்னோடிபியில் இந்தத் தள்ளிவைப்பு கிடையாது. வெறுமையாக இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு மட்டும் எப்போதும் அந்தக் கணத்திலேயே சோதிக்கப்படும், அதைத் தள்ளிவைக்க முடியாது.

ஆனால் உங்கள் சங்கத்தில் பிரதிநிதியை ஆண்டுதோறும் தேர்ந்தெடுப்பீர்கள் அல்லவா? அப்படியானால் டிபிஏ நண்பர் மீட்டருக்குச் சொன்னதே இங்கும் பொருந்தும். ‘பிரதிநிதித்துவம்’ என்று தனி அட்டவணை வைத்து, அதில் பிளாக்குக்கு ஒரு ஃபாரின் கீ, குடியிருப்பாளருக்கு ஒரு ஃபாரின் கீ, பொறுப்பேற்ற தேதி, முடிந்த தேதி என்று எழுதுங்கள். பிளாக்கின் அட்டவணை யாரையும் சுட்டாது, ஆகவே சுற்று தானாகவே அறுந்துவிடும்; பொறுப்பு காலியாக இருக்கும் மாதங்களில் எங்கும் வெற்று மதிப்பு தேவைப்படாது; மூன்று ஆண்டுகளுக்கு முன் ஏ பிளாக்குக்கு யார் பிரதிநிதி என்று கேட்டாலும் விடை இருக்கும்.

கேட்டவர்: பெல்லந்தூர்வாசி

நீங்கள் இருவரும் சொன்னபடியே மாற்றிவிட்டேன். சோதனை பில்களை மறுபடி உருவாக்கியபோது 96 இன்செர்ட்கள் மட்டும் ஓடின, ஓர் அப்டேட்கூட இல்லை. அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய எக்செல் கோப்பிலிருந்து மூன்று ஆண்டு பில்களை உள்ளே ஏற்றிவிட்டு, பில்லிலிருந்து வீட்டுக்கான ஃபாரின் கீ கட்டுப்பாட்டைச் சேர்க்க முயன்றபோது போஸ்ட்கிரெஸ் மறுத்துவிட்டது. தேடிப் பார்த்ததில், ‘சி 34’ என்ற வீட்டுக்கு இரண்டு பில்கள் இருந்தன. எங்கள் சி பிளாக்கில் அப்படி ஒரு வீடே இல்லை. பொருளாளர் பழைய ரசீதுப் புத்தகத்தை எடுத்துவந்து அந்த இரண்டு மாதங்களின் அடிக்கட்டைகளைப் புரட்டினார். இரண்டும் 304ஆம் வீட்டார் கட்டிய பணம், அவர்கள் பெயரில் இதுவரை நிலுவையாகக் காட்டப்பட்டுவந்த அதே தொகை.